தறி நிற்கும் நேரம்

எங்கள் தெருவில் சத்தம் கேட்டு யாரும் வெளியே வருவதில்லை. சத்தம் நின்றால்தான் வருவார்கள். விசைத்தறி ஓடுகிற வரைக்கும் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குத் தெரியாது. கரண்டு போன மறுநொடி வாசலுக்கு வாசல் தலை நீளும். "உங்களுக்கும் போயிட்டா?" என்று கேட்டுக்கொள்வார்கள். எதிர்வீட்டிலும் போயிருந்தால் அதில் ஓர் ஆறுதல்.

சங்கரன்கோவிலில் அந்தத் தெருவில், அப்பாவின் தறிக்கூடத்துக்கு மேலே இருக்கும் மாடி அறையில்தான் நான் வேலை பார்க்கிறேன். புத்தகங்களுக்கு அட்டைப்படம் செய்கிறேன். கடைசியில் எல்லாம் கணினியில்தான் சேரும். ஆனால் அதற்குள் போகிற எழுத்து கையால் செய்ததாக இருக்க வேண்டும், படம் ஃபிலிம் கேமராவில் எடுத்ததாக இருக்க வேண்டும். இது யாரும் எனக்குப் போட்ட விதி இல்லை. சும்மா கிடந்த சங்கை நானே எடுத்து ஊதிக்கொண்டது.

முதல் சில வருடங்கள் முழுக்கத் திரையிலேயே வரைந்தேன். அங்கே பிடிக்காத கோட்டை ஒரு தட்டில் அழித்துவிடலாம், அதற்கு முந்தியதையும் அழிக்கலாம், இப்படியே ஆதியில் போய் நிற்கலாம். நான் பிறவியிலேயே நிலைகொள்ளாதவள். சோறு வேகிறவரை பொறுத்தவளுக்கு ஆறுகிறவரை பொறுக்காது என்பார்களே, எனக்கு வேகிற வரைகூடப் பொறுக்காது. ஒரே எழுத்தைக் காலையிலிருந்து திருத்தித் திருத்தி, சாயங்காலம் காலையில் இருந்த இடத்துக்கே வந்து நிற்பேன். என்னைப் போன்ற ஆளிடம் அழிக்கிற வசதியைக் கொடுப்பது குரங்கு கையில் பூமாலையைக் கொடுப்பது மாதிரி. ஆகவே அழிக்க முடியாத சாமான்களுக்குப் போனேன். மதுரையில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். பேட்டரியே தேவையில்லாத, கனமான கேமரா. எழுத்து செய்ய, கீழே தறிக்கூடமே இருந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீர்ந்ததும் கடைசியில் கொஞ்சம் நூல் மிஞ்சும். அதை அறுத்து மூலையில் போட்டுவைப்பார்கள், எண்ணெய்க் கையைத் துடைக்க ஆகும். நான் அதில் ஒரு கொத்தை எடுத்து மையில் நனைத்து, கெட்டித் தாளில் எழுத்தாக வளைத்து வைத்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு அம்மிக்குழவியை உருட்டுவேன். எடுத்துப் பார்த்தால் தாளில் எழுத்து பதிந்திருக்கும். ஓரமெல்லாம் பிசிர் பிசிராக, ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரியும். நினைத்தபடி ஒருநாளும் வராது. குழவியை எடுத்துக்கொண்டு போனதற்கு அம்மாவிடம் பேச்சு வாங்குவது மட்டும் தவறாமல் நடக்கும்.

அந்தத் தாளை ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுபோக வேண்டும். அதில்தான் சிக்கல். கீழே தறி ஓடும்போது என் மேசை ஆடும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் டம்ளரைப் பார்த்தால் தெரியும். ஸ்கேனர் அந்த ஆட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும், நேர்க்கோடெல்லாம் நெளிந்து விழும். மேசைக்காலின் கீழே சைக்கிள் டியூப் வைத்தேன், தேங்காய்நார் மிதியடி வைத்தேன், அசையவில்லை என்று நினைத்தால் அடுத்த தாளிலேயே நெளிந்தது. பஜாரில் ஒரு கடையில் ஸ்கேனர் உண்டு. அதன் கண்ணாடிக் கீறல்கள் எல்லாம் எழுத்தோடு சேர்ந்து வரும். ஆதார் அட்டைக்கு அது போதும்.

கடைசியில் வழி ஒன்று கிடைத்தது. என் ஸ்கேனர் சின்னது, மடிக்கணினியின் பேட்டரியிலேயே ஓடும். கரண்டு போனால் தறி நிற்கும், ஸ்கேனர் நிற்காது. அன்றிலிருந்து ஊரே மின்தடையைத் திட்டும்போது நான் மட்டும் தாளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் அறிவிப்பு வந்தால் மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல நான் அதைப் பார்ப்பேன்.

அப்பா இதைக் கண்டுகொண்டார். "கரண்டு போனா எங்களுக்குப் பொழப்பு போச்சு. இவளுக்குப் பொழப்பு வந்துட்டு" என்று தறிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கேலிதான், ஆனால் அதில் ஒரு சின்ன முள்ளும் இருந்தது. அப்பாவின் கணக்கில் நான் பார்ப்பது வேலையில்லை. ஒருமுறை கேட்டேன், அப்படியென்றால் எதுதான் வேலை என்று.

"வேலைன்னா காலைல போயி சாயங்காலம் வரணும். இல்லன்னா சத்தமாவது கேக்கணும். நீ மேல இருக்கியா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு" என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மாமா ஒரு துணி டிசைன் கம்பெனியில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். தீபாவளி கழிந்ததும் சேர வேண்டும். ஏசி அறை, பெரிய திரை, ஹாஸ்டல். போக வேண்டாம் என்று அப்பாவிடம் அடம் பிடித்தேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சென்னையில் ஒரு பதிப்பகம் நெசவு ஊர்க் கதைகளை வரிசையாகக் கொண்டுவருவதாகவும், முதல் அட்டை பிடித்திருந்தால் மீதி அட்டைகளையும் எனக்கே தருவதாகவும் சொல்லியிருந்தது. தந்தால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அப்பா சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அம்மாவிடம் பெரிய சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கிவைக்கச் சொன்னார். அந்த சூட்கேஸ் புரட்டாசி மாதம் முழுக்கக் கூடத்திலேயே கிடந்தது. அதைத் தாண்டாமல் அடுக்களைக்குப் போக முடியாது.

படம் எடுக்க ஆரம்பித்தேன். மொட்டைமாடியில் காயும் சாயநூல், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த தெரு, பஸ் ஸ்டாண்டு பக்கம் துண்டு மூட்டையோடு நிற்கும் வண்டி. எதுவும் அட்டைக்குப் போதாது என்று தெரிந்தே எடுத்தேன். எனக்கு வேண்டியது தறியின் முன்னால் அப்பா. அவரோ தறிக்கூடத்தில் கேமராவை விட மாட்டார். "நாடா தெறிச்சா மூஞ்சி பேந்துரும், அங்கிட்டுப் போ" என்று விரட்டுவார். அது பொய்யில்லை, நூலை ஊடே கொண்டுபோகும் அந்தக் கட்டை தெறித்தால் பல் போகும். ஆனால் அவர் விரட்டியது அதற்காக மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

சரஸ்வதி பூஜைக்கு இரண்டு மூன்று நாள் முந்தி ஒரு மத்தியானம் இழை அறுந்து ஒரு தறி நின்றது. அப்பா குனிந்து அறுந்த நுனிகளைத் தேடி முடிந்துகொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவர் விரல் மேல் விழுந்தது. நான் கதவுப் பக்கத்தில் நின்று எடுத்தேன். நான் நிற்பதை உணர்ந்து நிமிர்ந்தார். அப்போதும் எடுத்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என்னைப் பார்த்தபடி முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத் தறியை ஓடவிட்டார். அந்த முகம்தான் அட்டை என்று மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். ரோலில் இன்னும் கொஞ்சம் இடம் பாக்கி இருந்ததால் கழற்றாமல் வைத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பொறுமையாக இருந்தேன், அதற்குக் கிடைத்த பலனைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் தீபாவளியைவிடப் பெரிது. முந்தின நாளே தறியெல்லாம் நின்றுவிடும். வருடம் முழுக்கச் சேர்ந்த பஞ்சைத் தட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொரு தறிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பிறகு ஸ்பேனர், கத்தரி, தராசு, சைக்கிள், வண்டி. அம்மாவின் அரிவாள்மணையும் மிக்ஸியும்கூட வரிசையில் உட்காரும். எல்லாவற்றையும் அப்பாவே துடைப்பார், யாரிடமும் விட மாட்டார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. நான் வேலை ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த வரிசையைப் பார்ப்பேன். மிக்ஸி பொட்டு வாங்கியிருக்கும். என் சாமான் எதுவும் அங்கே இருக்காது. நானே கொண்டுபோய் வைத்திருக்கலாம், யார் தடுக்கப்போகிறார்கள். ஆனால் கேட்டு வாங்குகிற பொட்டு எனக்கு வேண்டாம் என்று ஒரு வீம்பு.

இந்த முறை பூஜை அன்று காலையில் அம்மா என்னை பஜாருக்கு அனுப்பினாள். பொரி, கடலை, வாழைக்கன்று, புளியங்குடி எலுமிச்சை எல்லாம் வாங்கி, பூவுக்கு அன்றைக்குச் சொன்ன விலையில் வாயடைத்து, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தேன். பூஜை மணையில் தறிச் சாமான்களுக்கு நடுவே என் கேமரா இருந்தது.

பக்கத்தில் என் தூரிகைகள், நூலால் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. மைப்புட்டி. இடுக்கி. மடிக்கணினியின் மூடியில் மூன்று சந்தனக் கோடு, நடுவில் குங்குமம். கேமராவின் நெற்றியிலும் ஒரு பொட்டு, லென்ஸில் படாமல் கவனமாக வைத்தது. அப்பா மணைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையிலிருந்த துணியை உதறிக்கொண்டிருந்தார்.

சந்தோஷத்தில் அழுதுவிடுவேனோ என்று பயந்து பூவை அம்மாவிடம் கொடுக்கத் திரும்பினேன். அப்போது அப்பா சொன்னார்.

"உன் பொட்டிக்குள்ள ஒரே தூசிட்டி. பின்னால மூடியத் தொறந்து நல்லா தொடச்சிட்டேன். உள்ள ரோலு இருந்துச்சு. அதத் தொடல, சுத்தித்தான் தொடச்சேன்."

ஃபிலிம் கேமரா தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த படங்கள் உள்ளே ஓர் உருளையில் சுற்றிக்கொண்டே போகும். முதலில் எடுத்தது அடியில், கடைசியில் எடுத்தது மேலே. மூடியைத் திறந்தால் வெளிச்சம் மேலே இருப்பதை முதலில் தின்னும். மேலே இருந்தது அப்பா. ரோலைத் தொடாமல் சுற்றித் துடைக்க எவ்வளவு நேரம் எடுத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். தறியின் ஒவ்வொரு பல்லையும் துடைக்கிற மனுஷர். அவசரமாகத் துடைத்திருந்தாலாவது ஏதாவது மிஞ்சியிருக்கும்.

"என்ன, சரியாத்தானே மூடிருக்கேன்?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருக்குப்பா" என்றேன்.

வேறென்ன சொல்வது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொரிப் பையை நடுவீட்டில் கொட்டியிருப்பேன். ஆனால் இத்தனை வருடம் எதற்காக ஏங்கினேனோ அது மணையில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. கோபப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. சூட்கேஸைத் தாண்டி அடுக்களைக்குப் போய்ச் சுண்டலைத் தாளித்தேன், கடுகைக் கருக்கினேன், அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்று முழுக்கக் கேமராவைத் தொட முடியாது. ரோலைக் கழற்றி உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க முடியாது. தறி எல்லாம் ஓய்ந்து தெருவே பட்டப்பகலில் தூங்கியது. அந்த அமைதியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடிக்குப் போவேன், இறங்குவேன், மணைக்கு முன்னால் நிற்பேன். கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று அம்மா நினைத்தாள். "இந்த வருசமாவது ஒனக்குப் பக்தி வந்துச்சே" என்றாள்.

விஜயதசமி அன்று காலையில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாத் தறியையும் ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார்கள். பூஜையிலிருந்து எடுத்த சாமானால் அன்று ஒரு வேலையாவது செய்ய வேண்டும். அம்மா மிக்ஸியில் தேங்காய் அரைத்தாள். அப்பா கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீயும் ஒண்ணு எடு. சும்மா விடக்கூடாது" என்றார். பிறகு, நான் கேட்காமலே, வெள்ளை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

வெளிச்சம் பட்ட ஃபிலிமைத் தாண்டுவதற்காக இரண்டு முறை வெறுமனே அழுத்தித் தள்ளினேன். "எதுக்குட்டி தரையப் படம் எடுக்க?" என்றார். கேமராவைத் தூக்கி அவரை எடுத்தேன். ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நின்றார். நெஞ்சு நிமிர்த்தி, கை இரண்டையும் விறைப்பாகத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அன்றே குளியலறையில் ரோலைக் கழுவினேன். எங்கள் ஊர்த் தண்ணீர் எந்தக் காலத்திலும் வெதுவெதுப்புதான், மருந்தைக் குளிர்விக்க ஐஸ்கட்டிகளை வாளியில் கொட்ட வேண்டும். அத்தனையும் செய்து உருவிப் பார்த்தால் விரல் படமும் நிமிர்ந்த முகமும் சுத்தமாகக் கருகிக் கிடந்தன. நெகட்டிவில் கருப்பு என்றால் படத்தில் வெறும் வெள்ளை. அவற்றுக்கு முந்திய தெருப்படங்களில் பாதிக்குமேல் வெள்ளை ஏறியிருந்தது. ஆழத்தில் சுற்றியிருந்த சாயநூல் படத்தில் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து வெள்ளை பாய்ந்து, ஃபிலிமின் ஓர ஓட்டைகள் வரிசையாக அதில் நிழல் அடித்திருந்தன. கடைசிப் படத்தில் அப்பா துல்லியமாக, மரம்போல நின்றார். அட்டைக்கு ஆகாது. வாய்விட்டு அழுதேன், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

மறுபடி அவரை எடுக்க நேரமில்லை. விடுமுறை கழிந்து தீபாவளி ஆர்டருக்குத் தறிகள் பேய்போல ஓட ஆரம்பித்தன. வேறு வழியில்லாமல் அந்தச் சாயநூல் படத்தையே எடுத்தேன். பிசிர் எழுத்தைத் தலைப்பாக அந்த வெள்ளை பாய்ந்த இடத்தில் வைத்தேன். எழுத்தின் இழைகள் வெள்ளையிலிருந்து கிளம்பி, காயும் நூலில் போய்க் கலப்பதுபோல இருந்தது. நகர்த்தினேன், திரும்ப வைத்தேன், வெறுத்து மூடினேன், மறுபடி திறந்தேன். நல்லாயிருக்கிறதா, இல்லை நான் ஆசைப்படுவதால் நல்லாயிருக்கிறதா என்று தெரியாமலே அனுப்பினேன்.

பதிப்பக ஆசிரியர் மறுநாள் காலையில் போன் செய்தார். "படம் நல்லா வந்திருக்கும்மா. எழுத்துதான், பெரிசு பண்ணிப் பார்த்தா நெளியுது. சாயங்காலம் அச்சுக்குப் போகணும். அதுக்குள்ள நல்ல ஸ்கேன் அனுப்பிருங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, இங்க ஒருத்தரை வச்சு வேற அட்டை போட்டுக்கிறோம்" என்றார்.

முந்தின நாள் அவசரத்தில் தறி ஓடும்போதே ஸ்கேன் செய்திருந்தேன். இப்போது கீழே எல்லாத் தறியும் ஓடின. வேண்டாத நாளெல்லாம் போகிற கரண்டு அன்றைக்குப் போகாமல் கல்லுமாதிரி நின்றது. தாளை வைத்தேன், நெளிந்தது. மெத்தையின் மேல் ஸ்கேனரை வைத்துப் பார்த்தேன், நெளிந்தது. மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்தேன், அதைவிட மோசம். வேறு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால் தெரிந்த வீடெல்லாம் தறி வீடுதான். அப்பாவிடம் கேட்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தீபாவளி ஆர்டர் நேரத்தில் தறியை நிறுத்தச் சொல்வது மணவறையில் போய் மாப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்வதற்குச் சமம். கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தவர், நான் இறங்கி வராததால் மாடிக்கு ஏறி வந்தார். என் திரையில் அட்டை திறந்திருந்தது. கிட்டே வந்து குனிந்து பார்த்தார். துணியில் ஓர் இழை பிசகினால் இந்த மூலையிலிருந்தே சொல்லிவிடுகிற கண். அது நேராக வெள்ளைக்குப் போனது.

"இந்த ஓட்டை வரிசை, அந்த ரோலு ஓரத்துல இருந்ததுல்லா?"

"ஆமாப்பா."

"இது ஏன் படத்துக்குள்ள வந்திருக்கு?"

என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நான் தொறந்ததுனாலயா?"

"வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும்ப்பா. நீங்க இழை முடியும்போது எடுத்தது மொத்தமும் போயிட்டு. இது பாதிதான் போச்சு, அதான் வச்சிக்கிட்டேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பொட்டு வச்சிருந்தீங்கள்லா" என்றேன்.

அப்பா திரையில் அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இப்ப எதுக்கு மடியில பொட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டார்.

"தறி ஓடுதுல்லா. மேசை ஆடுது. எழுத்து நெளியுது. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

அவர் இறங்கிப் போனார். சோற்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். சூட்கேஸ் கண்முன் வந்தது, கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு எந்தச் சேலையை எடுத்துப்போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கீழே ஒரு தறியின் சத்தம் நின்றது. இழை அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக நின்று, எங்கள் கடைசித் தறியும் நின்றபோது அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்பார்த்ததுபோலத் தெருவில் தலைகள் நீண்டிருந்தன. எதிர்வீட்டுத் தறிக்காரர் துண்டை உதறியபடி வாசலில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும் கரண்டு போயிட்டா? எங்களுக்கு இருக்கே" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

கீழே படியில் அப்பாவின் குரல் உரக்கக் கேட்டது.

"கரண்டெல்லாம் இருக்கு வே. மேல மக வேலை பாக்குறா. அதான் நிப்பாட்டிருக்கேன்."

தாளை எடுத்துக் கண்ணாடியில் கவிழ்த்தேன். மேசை ஆடவில்லை. டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை.